கம்பியின் கடைசிக் கம்பம்: கியாண்ட்சே தந்தி அலுவலகமும் அரை நூற்றாண்டுப் பேரமும்

1. கேள்வி

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தந்தி என்றால் சாவு. சைக்கிளில் வந்த ஆள் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், உறையைப் பிரிக்கும் முன்பே உள்ளே ஒப்பாரி கிளம்பிவிடும். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அதைப் பிரிக்காமலே இங்கிலீஷ் தெரிந்த வாத்தியார் வீட்டுக்கு ஓடுவார். வாத்தியார் படித்துச் சொன்ன பிறகுதான் செய்தி செய்தியாகும். செத்தது நம் வீட்டு ஆள், அழுவது நாம். ஆனால் சேதி வந்த கம்பியும், அதை அடித்த கையும், படித்த கண்ணும் வேறு யாருடையவோ. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையை நிறுத்தியபோது வந்த நினைவுக் கட்டுரைகள் ஒப்பாரியைப் பற்றி எழுதின. அடுத்தவர் கம்பியை நம்பியிருந்த நிலையைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

ஒரு வீட்டுக்கு இருந்த அதே நிலை ஒரு நாட்டுக்கே இருந்தால் என்ன ஆகும்? திபெத்துக்கு அப்படித்தான் இருந்தது. 1904 முதல் 1955 வரை, ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் இருந்த கியாண்ட்சே என்ற சிறு நகரில் இந்திய அரசின் தந்தி அலுவலகம் இயங்கியது. முதலில் பிரிட்டிஷ் இந்தியாவுடையது, 1947க்குப் பிறகு சுதந்திர இந்தியாவுடையது. அந்நிய மண்ணில் நின்ற அந்த அலுவலகம் யார் கையில் இருக்க வேண்டும் என்று பிரிட்டனும் சீனாவும், பின்னர் இந்தியாவும் சீனாவும் பேரம் பேசின. அந்தப் பேரங்களில் உண்மையில் பேசப்பட்ட பொருள் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கம்பியின் உடைமையா, காவலா, அல்லது அதில் செய்தி அனுப்பும் உரிமையா? ஒப்பந்தங்களின் மொழியைக் கூர்ந்து படித்தால் இம்மூன்றையும் வெவ்வேறு கைகளில் பிரித்துக் கொடுத்திருப்பது தெரியும். மூன்றில் எதுவும் திபெத்தின் கையில் தங்கவில்லை என்பதும் தெரியும்.

2. இருவேறு வாசிப்புகள்

இந்த அலுவலகத்தைத் தனியாக எடுத்து ஆராய்ந்தவர்கள் குறைவு. யங்ஹஸ்பண்டின் படையெடுப்பை விரிவாக எழுதிய பர்ஷோத்தம் மெஹ்ராவிடமும், எல்லைப்புற அதிகாரிகளின் உலகத்தை எழுதிய அலெக்ஸ் மக்கேயிடமும் தந்தி வருகிறது, ஆனால் ஓரமாகத்தான் வருகிறது. பொதுவாசகர் மத்தியில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன.

முதலாவது, அது ஏகாதிபத்தியத்தின் எச்சம் என்பது. படை கொண்டுபோய் நட்ட கம்பி. சுதந்திர இந்தியா அதைக் கையில் வைத்திருந்தது வெட்கக்கேடு. 1954இல் கொடுத்ததே முறை. நேருவின் நிலை ஏறக்குறைய இதுதான். இரண்டாவது, அது ஒரு கைப்பிடி என்பது. வடக்கே நடப்பதை அறிய இந்தியாவுக்கு இருந்த கண்ணும் காதும் அது; பதிலுக்கு எதுவும் வாங்காமல், எல்லையைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வாங்காமல், கொடுத்துவிட்டோம். 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு இந்த வாசிப்புக்கு வலு கூடிவிட்டது.

இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. அலுவலகத்தை இந்தியா கொடுக்கக்கூடிய பொருளாகவும் சீனா வாங்கக்கூடிய பொருளாகவும் இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்த மூன்றாமவரை இரண்டுமே கணக்கில் எடுப்பதில்லை. இன்னொன்றையும் இரண்டும் கவனிப்பதில்லை: 1954இல் அந்தக் கம்பிக்கு உண்மையில் எவ்வளவு பலம் மிஞ்சியிருந்தது? அதை அறிய முதலில் அந்தக் கம்பி எங்கே முடிந்தது என்று பார்க்க வேண்டும்.

3. கம்பி முடிந்த இடம்: 1904

1903 டிசம்பரில் பிரான்சிஸ் யங்ஹஸ்பண்டின் தூதுக்குழு, ஜெனரல் மெக்டொனால்டின் படையோடு ஜெலெப் கணவாயைக் கடந்து சும்பிப் பள்ளத்தாக்கில் இறங்கியது. படைக்குப் பின்னாலேயே தந்தித் துறை ஆட்கள் கம்பம் நட்டுக்கொண்டு வந்தார்கள். ஃபாரிக்கு மேலே 15,000 அடியைத் தாண்டும் தாங்-லா கணவாய். அதற்கப்பால் துனா சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத அந்த வெளியில், ஒவ்வொரு கம்பமும் கீழேயிருந்து சுமந்து கொண்டுவந்ததாகத்தான் இருந்திருக்க வேண்டும். திபெத்தியர் அந்தக் கம்பியை ஏன் அறுக்கவில்லை என்பதற்கு ஒரு கதை சொல்வதுண்டு. வந்த அந்நியர் வழி தப்பாமல் ஊர் திரும்பத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டதாம். போகட்டும் என்று விட்டுவிட்டார்களாம். திபெத்தியரை வெகுளிகளாகக் காட்டச் சொல்லப்பட்ட கதை இது. எனக்கென்னவோ அதைச் சொன்னவர்களின் நம்பிக்கையைத்தான் அது கூடுதலாகக் காட்டுவதாகப் படுகிறது.

1904 மார்ச் 31 அன்று குருவில் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான திபெத்தியர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏப்ரலில் படை கியாண்ட்சேயை அடைந்தது. ஜூலை 6 அன்று அங்கிருந்த கோட்டை விழுந்தது. ஆகஸ்ட் 3 அன்று படை லாசாவில் இருந்தது. ஆனால் தந்திக் கம்பி கியாண்ட்சேயிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து லாசா ஏறத்தாழ 150 மைல். அந்த இடைவெளியைக் குதிரை அஞ்சல்தான் கடக்க வேண்டும்.

இந்த 150 மைல் வரலாற்றில் பெரிய வேலை செய்தது. திபெத் செலுத்த வேண்டிய இழப்பீட்டை யங்ஹஸ்பண்ட் 75 லட்சம் ரூபாய் என்று வைத்தார். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 75 தவணை. கடன் தீரும்வரை சும்பிப் பள்ளத்தாக்கு பிரிட்டிஷ் வசம் இருக்கும், அதாவது முக்கால் நூற்றாண்டுக்கு. லண்டனில் இந்தியா மந்திரி பிராட்ரிக்குக்கு இது ஒப்பவில்லை. ரஷ்யாவுக்குக் கொடுத்த வாக்குறுதிகள் இருந்தன. திருத்தம் கோரும் தந்தி லாசாவை அடைந்தபோது செப்டம்பர் 7 கடந்திருந்தது. பொடாலா அரண்மனையில் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மீண்டும் பேசித் திருத்த யங்ஹஸ்பண்ட் முயலவில்லை. கம்பி லாசாவரை நீண்டிருந்தால் அந்த ஒப்பந்தம் வேறு மாதிரி இருந்திருக்கலாம். தலைநகரின் கட்டளை கம்பி முடியும் கம்பத்தோடு நின்றது. அதற்கு அப்பால் இருந்தவன் தன் இஷ்டப்படி நடந்துகொண்டான்.

இதில் நமக்கொரு பக்கத்துத் தொடர்பு உண்டு. வைஸ்ராய் கர்சன் விடுப்பில் இங்கிலாந்து போயிருந்த அந்த மாதங்களில் வைஸ்ராய் பொறுப்பில் இருந்தவர் சென்னை மாகாண ஆளுநர் ஆம்ப்தில் பிரபு. 1904 நவம்பரில் ஒப்பந்தத்தை உறுதிசெய்தபோது இழப்பீட்டை 25 லட்சமாகக் குறைத்தவரும் அவர்தான். சும்பியை மூன்றாண்டில் விட்டு விலக வழி வைக்கப்பட்டது.

லாசா ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு தந்தியை நேரடியாகத் தொடுகிறது. ரயில், சாலை, தந்தி, சுரங்கம் போன்ற உரிமைகளை எந்த அந்நிய வல்லரசுக்கும் திபெத் தரக்கூடாது. எழுதியது பிரிட்டன்; தன்னை அந்நியமாக அது எண்ணியதாகத் தெரியவில்லை. சீனா அந்நியமா இல்லையா என்பதை அந்த வாசகம் சொல்லாமல் விட்டது. அடுத்த நான்காண்டுப் பேரம் அந்த மௌனத்திலிருந்துதான் கிளம்பியது.

4. ‘பரிசீலிக்கத் தயார்’: 1906, 1908

சீனா தன் மேலாண்மையை ஒப்புக்கொள்ளச் செய்யப் பிரிட்டனோடு பேசியது. 1906 ஏப்ரல் 27 அன்று பெய்ஜிங்கில் கையெழுத்தான உடன்பாட்டின் மூன்றாம் பிரிவு, அந்த உரிமைகள் சீனாவைத் தவிர வேறு எந்த நாட்டுக்கும் கிடையாது என்றது. சீனா அந்நியப் பட்டியலிலிருந்து நீங்கியது. அதே மூச்சில் ஒரு விதிவிலக்கும் வந்தது: கியாண்ட்சே உள்ளிட்ட குறிப்பிட்ட வணிகச் சந்தைகளை இந்தியாவோடு இணைக்கும் தந்திக் கம்பிகளைப் போடப் பிரிட்டனுக்கு உரிமை உண்டு. 1904இல் படை நட்ட கம்பம் 1906இல் ஒப்பந்தம் அனுமதித்த கம்பமாயிற்று. அனுமதித்தவர் யார்? சீனா. கம்பி நிற்கும் மண்ணின் சொந்தக்காரர் அந்த மேசையில் இல்லை.

அடுத்த பேரம் 1908இல் கல்கத்தாவில். சீனத் தரப்பில் ஜாங் யின்டாங். விட்டுக்கொடுக்காத மனிதர், திபெத்தியர் பிரிட்டிஷ் அதிகாரிகளோடு நேரடியாகப் பேசுவதையே தடுக்கப் பார்த்தவர். பிரிட்டிஷ் தரப்பில் வில்டன். திபெத்தின் சார்பில் அமைச்சர் சாரோங் ஷாபே. அவர் ஜாங்கின் வழிகாட்டுதலின்கீழ் செயல்படுவார் என்று முகவுரையிலேயே எழுதப்பட்டிருந்தது. ஏப்ரல் 20 அன்று கையெழுத்தான வணிக விதிகளின் ஆறாம் பிரிவைத்தான் இக்கட்டுரையின் மையச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பிரிவை நிறுத்திப் படிக்க வேண்டும். இந்திய எல்லையிலிருந்து கியாண்ட்சே வரை பிரிட்டன் கட்டிய 11 தங்கும் பங்களாக்களை அடக்க விலைக்குச் சீனா எடுத்துக்கொள்ளும். எடுத்ததை நியாயமான வாடகைக்கு இந்திய அரசுக்கே திருப்பிவிடும். ஒவ்வொரு பங்களாவிலும் பாதி, தந்திக் கம்பியைப் பார்வையிட்டுப் பராமரிக்கும் பிரிட்டிஷ் ஆட்களுக்கு. கம்பியைப் பொறுத்தவரை, சீனாவிலிருந்து வரும் தந்திக் கம்பி கியாண்ட்சேயை எட்டும்போது இந்தக் கம்பியைச் சீனாவுக்கு மாற்றுவது பற்றிப் பிரிட்டன் பரிசீலிக்கத் தயார். அதுவரை சீன, திபெத்தியச் செய்திகளை இந்தக் கம்பி ஏற்று அனுப்பும். அதுவரை கம்பியைக் காக்கும் பொறுப்பு சீனாவுடையது. கம்பியைச் சேதப்படுத்துவோரை உள்ளூர் அதிகாரிகள் உடனே கடுமையாகத் தண்டிக்க வேண்டும்.

‘மாற்றித் தருவோம்’ என்றில்லை. பரிசீலிக்கத் தயார், அவ்வளவே. அதற்கும் ஒரு நிபந்தனை. சீனக் கம்பி மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் தாண்டி, கிழக்குத் திபெத்தின் பகை கொண்ட கம் பகுதியைத் தாண்டி, லாசாவையும் தாண்டி மேற்கே கியாண்ட்சே வரை வந்துசேர வேண்டும். நம் ஊரில் கடன் கேட்டவனிடம் ‘அறுவடை முடியட்டும், பார்க்கலாம்’ என்று சொல்வதுபோல. அறுவடை நடக்காது என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் ஓரளவு தெரியும். இருவரும் மரியாதையோடு எழுந்து போகலாம்.

இதைப் பிரிட்டிஷ் தந்திரத்தின் வெற்றி என்று மட்டும் படிக்கத் தேவையில்லை. ஜாங்கும் கைவீசிக்கொண்டு போகவில்லை. கம்பியின் காவல் சீனாவின் பொறுப்பு என்று எழுதியதும் திபெத்தின் நடுவே சீனாவின் போலீஸ் அதிகாரத்தைப் பிரிட்டனே கைப்பட ஒப்புக்கொண்டதாயிற்று. கம்பியைத் திருடும் திபெத்திய ஆட்டிடையனைத் தண்டிக்க வைப்பவர் சீன அதிகாரி. உடைமை இந்தியாவுக்கு, காவல் சீனாவுக்கு, கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் உரிமை திபெத்துக்கு. சீனா வாங்கிப்போனது அப்போது காசு பெறாதது. ஆனால் காசு பெறாத ஒப்புதல்கள்தான் பிற்பாடு இறையாண்மைக்கு ஆதாரங்களாக மேசைக்கு வரும்.

1910இல் சீனப்படை லாசாவுக்குள் நுழைந்ததும் பதின்மூன்றாம் தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பி ஓடினார். சிக்கிம் எல்லைக்குள் நதாங் என்னும் இடத்தில் அவருக்கு இரவுக் காவல் இருந்தவர்கள் தந்தி அலுவலகத்து பிரிட்டிஷ் சார்ஜெண்டுகள் இருவர். அடுத்த இரண்டாண்டில் சீனாவிலேயே பேரரசு கவிழ்ந்தது. திபெத்திலிருந்த சீனப்படை வெளியேற்றப்பட்டது. 1908 விதிகளில் காவல் ஏற்றவர் களத்திலேயே இல்லை, கம்பி நின்றது. 1914 சிம்லா மாநாட்டில் பழைய விதிகள் நீக்கப்பட்டு, பிரிட்டனும் திபெத்தும் மட்டும் கையெழுத்திட்ட புதிய வணிக விதிகள் வந்தன. சீனா அவற்றை ஏற்கவே இல்லை. அலுவலகத்தின் சட்ட அடிப்படை அன்றிலிருந்து இரு நாடுகளின் கோப்புகளில் இருவேறு விதமாக இருந்தது.

5. திபெத்தின் சொந்தக் கம்பி

1922இல் கியாண்ட்சேயிலிருந்து லாசாவுக்குக் கம்பி போய்ச் சேர்ந்தது. 1904இல் குதிரை அஞ்சலுக்கு விடப்பட்ட அதே 150 மைல். கட்டிக் கொடுத்தவர்கள் இந்தியத் தந்தித் துறை ஆட்கள். ஆனால் கம்பி திபெத் அரசுக்குச் சொந்தம். 1913இல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பப்பட்ட நான்கு திபெத்தியச் சிறுவர்களில் ஒருவரான கிய்பு தந்தித் தொழில் படித்துத் திரும்பி லாசா தந்தியைப் பார்த்துக்கொண்டார்.

ஏன் பிரிட்டனே அதைத் தன் பெயரில் நீட்டவில்லை? 1906 உடன்பாட்டை வரிக்கு வரி படித்தால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். சந்தைகளை இணைக்கும் கம்பிக்குத்தான் பிரிட்டனுக்கு உரிமை. லாசா அந்தச் சந்தைகளில் ஒன்றல்ல. திபெத்தே போட்டுக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது. இதை முழு விளக்கமாக முன்வைக்கவில்லை. உலகத்தோடு பேச வேண்டும் என்ற லாசாவின் விருப்பமும் அதில் உண்டு. அதைப் பிரிட்டிஷ் தந்திரமாகச் சுருக்குவது திபெத்தியருக்குச் சொந்தப் புத்தியே இல்லை என்ற பழைய பேச்சுக்குத் திரும்புவதாகும்.

லாசாவில் அந்த அலுவலகத்துக்குத் ‘தார்காங்’ என்று பெயர் வழங்கியது. காங் என்றால் வீடு. தார் இந்துஸ்தானியிலிருந்து போனது. கம்பி என்று பொருள். தமிழில் வீணையின் தந்தியே இதற்கும் பெயராயிற்று. திபெத்தியர் கம்பியோடு சொல்லையும் இறக்குமதி செய்துகொண்டார்கள்.

ஆனால் சொந்தக் கம்பி எங்கே போய் முடிந்தது? கியாண்ட்சேயில், இந்திய அலுவலகத்து மேசையில். லாசாவில் அடித்த தந்தி அங்கே வந்து, இந்தியக் கம்பியில் ஏறி, ஃபாரி, யாதுங் வழியாகக் கீழிறங்கி உலகத்துக்குப் போக வேண்டும். திபெத்தின் குரலுக்கு அது ஒன்றுதான் வாசல். கதவும் பூட்டும் அடுத்தவருடையவை. கியாண்ட்சே அலுவலகத்தின் கட்டுப்பாடு என்பது ஓர் அறையையும் சில கருவிகளையும் பற்றிய விஷயமல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

1930களில் இந்த வாசல் தன் முக்கியத்துவத்தை இழக்கத் தொடங்கியது. 1934இல் லாசாவுக்கு வந்த சீனத் தூதர் ஹுவாங் முசோங், போகும்போது ஒரு கம்பியில்லாத் தந்திக் கருவியையும் ஆட்களையும் விட்டுச்சென்றார். 1936இல் வந்த பிரிட்டிஷ் குழு தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. எவர் நிலத்திலும் கம்பம் நடாமல், எந்த ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவையும் கேட்காமல் சீனா லாசாவிலிருந்து பேசத் தொடங்கிவிட்டது. கியாண்ட்சேயைக் கம்பியால் எட்டும் நிபந்தனை 1908இலிருந்து காத்துக்கொண்டிருக்க, சீனா அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

6. வேறு இடங்கள், அதே வழக்கு

கியாண்ட்சே தனித்த விந்தையல்ல. இந்திய வருவாயில் அந்நிய மண்ணில் நடந்த தந்தி அலுவலகங்கள் மேற்கிலும் இருந்தன. 1864இல் பாரசீக வளைகுடாவில் குவாதரிலிருந்து ஃபாவோ வரை இறக்கப்பட்ட கடலடிக் கம்பியின் முனையில், ஒட்டோமான் துருக்கியின் மண்ணிலேயே, துருக்கிய நிலையமும் இந்திய அரசின் நிலையமும் அருகருகே இயங்கின. பாரசீகத்துக்குள் ஓடிய கம்பிகளை இந்தோ-ஐரோப்பியத் தந்தித் துறை நடத்தியது. அங்கே ஒரு வேடிக்கை நடந்தது: அரசின் கோபத்துக்கு ஆளானவர்கள் மசூதிக்குள் தஞ்சம் புகுவதுபோலத் தந்தி நிலையத்துக்குள் தஞ்சம் புகத் தொடங்கினார்கள். கம்பியின் மறுமுனையில் ஷாவே இருக்கிறார் என்ற நம்பிக்கை ஒன்று. இந்தக் கூரை அவருடையதல்ல என்ற கணக்கு இன்னொன்று. 1931இல் ரெசா ஷா காலத்தில் அந்தக் கம்பிகள் பாரசீக அரசின் கைக்குப் போயின. ஒரு நாட்டு அரசு தன் மண்ணில் இருந்த கம்பியைத் தானே பேசி வாங்கியது. கியாண்ட்சேயோடு ஒப்பிட இதுவே முக்கியமான வேறுபாடு.

நமக்கு இன்னும் அருகில், பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் பிரிட்டிஷ் இந்திய அஞ்சலகம் ஒன்று இருந்தது. பாரதி முதலிய சுதேசிகள் அங்கே தங்கியிருந்த காலத்தில் அவர்களுடைய கடிதங்கள் யார் கைக்கு முதலில் போயின என்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. அந்நிய மண்ணில் இருக்கும் நம் அலுவலகம், நம் மண்ணில் இருக்கும் அந்நிய அலுவலகம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க இந்த அனுபவம் பயிற்சி தரவேண்டும். 1954இல் எத்தனை பேருக்குத் தந்தது என்று தெரியவில்லை.

7. 1950 முதல் 1954 வரை

1950 அக்டோபரில் சீனப்படை கிழக்குத் திபெத்தின் சாம்தோவைத் தாக்கியது. நவம்பர் 7 தேதியிட்டு திபெத் அரசு ஐக்கிய நாடுகள் அவைக்கு முறையீடு செய்தது. அது தந்தியாகப் புறப்பட்ட இடம் மேற்கு வங்கத்தின் கலிம்போங். ஒரு நாட்டின் அபயக்குரல் அடுத்த நாட்டுத் தந்தி அலுவலகத்திலிருந்து கேட்டது. அதே நவம்பர் 7 அன்றுதான் சர்தார் படேல் நேருவுக்குப் புகழ்பெற்ற அந்த நீண்ட கடிதத்தை எழுதினார். செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் லாசா தூதகம், கியாண்ட்சே, யாதுங் வணிக நிலையங்கள், வழிக்காவல் படை ஆகியவற்றின் எதிர்காலம் வருகிறது. எல்லைப்புறத் தொடர்புகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சாலை, ரயில், விமானம், கம்பியில்லாத் தந்தி வருகின்றன. திபெத்துக்குள் நிற்கும் இந்தியக் கம்பியைத் தனியே குறிப்பிடவில்லை. கைப்பிடி வாதக்காரர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஆவணம் இது. அதை எழுதியவருக்கே கியாண்ட்சேக் கம்பி பெரிய கைப்பிடியாகத் தோன்றவில்லை என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1951 மே மாதம் பதினேழு அம்ச உடன்பாட்டின் மூலம் திபெத்தின் வெளியுறவு பெய்ஜிங்கின் கைக்குப் போனது. 1953 டிசம்பர் 31 அன்று பெய்ஜிங்கில் இந்திய-சீனப் பேச்சு தொடங்கியது. இந்தியத் தரப்பில் தூதர் என். ராகவன். மலாயாத் தமிழர் நினைவில் இருக்கும் பெயர். பினாங்கு வழக்கறிஞராக இருந்து நேதாஜியின் தற்காலிக அரசில் பொறுப்பு வகித்தவர். அவரோடு டி. என். கவுல், வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவைச் சேர்ந்த டாக்டர் கே. கோபாலாச்சாரி. நான்கு மாதம் இழுத்த பேச்சு 1954 ஏப்ரல் 29 அன்று கையெழுத்தில் முடிந்தது. ஒப்பந்தத்தின் முகவுரையில் வந்த ஐந்து கோட்பாடுகள் பஞ்சசீலம் என்று உலகப் புகழ் பெற்றன. தந்தி அலுவலகம் ஒப்பந்தத்தில் இல்லை. அதே நாளில் பரிமாறிய குறிப்புகளில் இருந்தது.

குறிப்பின்படி, யாதுங்கிலும் கியாண்ட்சேயிலும் இருந்த காவல் படையை இந்தியா ஆறு மாதத்தில் விலக்கிக்கொள்ளும். திபெத்தில் தான் நடத்தும் அஞ்சல், தந்தி, தொலைபேசிச் சேவைகளைக் கருவிகளோடு நியாயமான விலைக்குச் சீனாவிடம் ஒப்படைக்கும். 12 தங்கும் விடுதிகளும் அவ்வாறே. 1908இல் 11 என்றிருந்த கணக்கு 12 ஆகியிருந்தது. மற்றபடி பொருள்கள் அவையே: பங்களா, கம்பி, விலை. இரண்டுக்கும் நடுவே இரு உலகப் போரும் இரு அரசுகளின் வீழ்ச்சியும் நடந்திருப்பதைக் குறிப்பின் தொனி காட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் ‘எட்டும்போது’, ‘பரிசீலிக்க’ போன்ற சொற்கள் போய்விட்டன. வாங்குபவர் இப்போது கியாண்ட்சேயில்தான் இருந்தார், படையோடு.

எதிர்காலத் தொடர்புக்கு இந்தியா வாங்கியது என்ன? இரு தரப்பு வணிக முகவர்களும் தூதஞ்சல் ஆட்களையும் அஞ்சல் பைகளையும் சங்கேத மொழிச் செய்திகளையும் பயன்படுத்தலாம் என்ற சலுகை. கம்பியைக் கொடுத்துவிட்டு, அந்தக் கம்பியில் பூட்டிய செய்தி அனுப்பும் உரிமையை வாங்கினார்கள். எதையும் வாங்காமல் கொடுத்தோம் என்ற வாதம் இந்த இடத்தில் சற்றுத் தடுக்குகிறது. வாங்கியது மிகக் குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம். பெரிய எல்லைக் கேள்வியைப் பேச இந்தச் சிறிய பண்டத்தைப் பயன்படுத்தியிருக்கலாமே என்றால், மறுத்தால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சில நூறு பேர்கூட இல்லாத காவல் படையை வைத்துக்கொண்டு, சீனப்படை சூழ்ந்திருக்கும் ஊரில் கம்பியைக் காக்க முடியாது. 1908இலேயே காவல் நம்முடையதல்ல என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

ஏகாதிபத்திய எச்சம் என்ற வாதமும் முழுமையாக நிற்கவில்லை. எச்சத்தைத் துறப்பது சரி, யாரிடம் துறப்பது? 1922இல் லாசா அரசு சொந்தக் காசில் நீட்டிக்கொண்ட கம்பியின் மறுமுனை அந்த அலுவலகம். அதன் பயனாளரைக் கேட்காமல் மாற்றிக் கொடுத்ததை விடுதலைச் செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1906இல் பெய்ஜிங்கில் திபெத்தியர் இல்லை. 1908இல் கல்கத்தாவில் இருந்தும் இல்லாதவராக ஒருவர் இருந்தார். 1954இல் மறுபடியும் இல்லை.

பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு 1751 நினைவுக்கு வரும். வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முகாமிட்டிருக்க, இருவரும் கோட்டைத் தலைவரிடம் பேரம் பேசினார்கள்; அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் நாளைக் கடத்தினார். பொறுமை இழந்த ஆங்கிலேயர் ஊரைத் தாக்க, அவர் பிரெஞ்சுக்காரரை அழைத்தார். தோற்றாலும் ஜெயித்தாலும் அந்தத் தலைவரிடம் வந்து பேச வேண்டிய கட்டாயமாவது இரு தரப்புக்கும் இருந்தது. கியாண்ட்சே அலுவலகத்தைப் பற்றிப் பேசியவர்களுக்கு அந்தக் கட்டாயம்கூட இருக்கவில்லை.

8. ஒப்படைப்பு

குறிப்பின் மை காய்ந்து மூன்று மாதம் ஆகவில்லை. 1954 ஜூலையில் கியாண்ட்சேயில் பெருவெள்ளம். மலையில் ஏரி உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர் ஆற்றோரம் இருந்த இந்திய வணிக முகவர் அலுவலகக் கட்டடங்களை அடித்துக்கொண்டு போனது. இந்திய முகவர் உட்படப் பலர் மாண்டனர்.

ஒப்படைப்பு 1955 ஏப்ரல் 1 அன்று லாசாவில் நடந்தது. ‘நியாயமான விலை’ பற்றிப் பேசத் தனிப் பேச்சு என்று குறிப்பில் எழுதியிருந்தாலும், கடைசியில் அஞ்சல், தந்தி, தொலைபேசிக் கருவிகளை நட்பின் அடையாளமாக விலையில்லாமலே கொடுத்தார்கள். தங்கும் விடுதிகளுக்கு மட்டும் சீனா பணம் கொடுத்தது. கூரைக்கு விலை இருந்தது, கம்பிக்கு இல்லை. 1908இல் ஜாங் யின்டாங் அவ்வளவு பாடுபட்டும் நிபந்தனையோடு மட்டுமே பெற முடிந்த பொருளின் சந்தை மதிப்பு இதற்குள் அங்கே வந்துவிட்டது.

கியாண்ட்சேயில் வெள்ளம் கொண்டுபோன கட்டடங்கள் நின்ற நிலத்தின் குத்தகையைப் பற்றியும், அவற்றை மீண்டும் கட்டுவதைப் பற்றியும் இரு அரசுகளும் அதன் பிறகும் எழுதிக்கொண்டிருந்தன. 1954 ஒப்பந்தத்துக்கு ஆயுள் எட்டு ஆண்டு. 1962 ஜூனில் அது காலாவதியானபோதும் அந்தக் கடிதப் போக்குவரத்து முடிவுக்கு வந்திருக்கவில்லை. கம்பியை இலவசமாகக் கொடுத்தவர்கள் தங்கள் பழைய மனையில் ஒரு சுவர் எழுப்ப அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.